லினக்ஸ் மடிக்கணினிகளில் ஒலிச் சிக்கல்கள்

லினக்ஸ் மடிக்கணினிகளில் ஒலிச் சிக்கல்கள் என்பது, லினக்ஸ் இயங்குதளம் நிறுவப்பட்ட மடிக்கணினியில் ஒலிபெருக்கி (ஸ்பீக்கர்), ஹெட்போன், ஒலிவாங்கி (மைக்) ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இயங்காத, அல்லது குறைபாட்டுடன் இயங்கும் நிலைகளைக் குறிக்கும். ஒலிபெருக்கி ஒலிக்கும்போது ஹெட்போன் ஊமையாக இருத்தல், ஹெட்போன் ஒலிக்கும்போது ஒலிபெருக்கி ஊமையாக இருத்தல், ஹெட்போனைச் செருகிய பின்னும் ஒலிபெருக்கி நிற்காதிருத்தல், பாடலில் இசை மட்டும் கேட்டுக் குரல் மறைதல் ஆகியன இவற்றுள் பரவலாகக் காணப்படுபவை. இவை அனைத்தும் 'சத்தம் வரவில்லை' என்ற ஒரே முறையீடாகவே சொல்லப்பட்டாலும், காரணங்கள் வேறு வேறானவை. மென்பொருளில் ஒரு விசையை அழுத்தினால் தீர்வதும் உண்டு, செருகுவாயின் துருப்பிடித்த உலோகத் தகட்டை மாற்றினாலன்றித் தீராததும் உண்டு.

தமிழ்நாட்டுச் சூழல்

தமிழ்நாட்டில் லினக்ஸ் மடிக்கணினி என்பது ஆர்வலர்களின் பொழுதுபோக்காக மட்டும் இருந்ததில்லை. கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் 2005இல் சென்னையில், சி-டாக் நிறுவனத்தையும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யூ-கே.பி.சி. ஆய்வு மையத்தையும் தளமாகக் கொண்டு தொடங்கப்பட்டது. அதன் வழியே, டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸ் வழங்கல் 2007இல் வெளியானது. அதே காலத்தில் எல்காட் நிறுவனம் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கக்கால மடிக்கணினிகளில் விண்டோசும் பாஸ் லினக்ஸும் அருகருகே நிறுவப்பட்டிருந்தன. இதனால், அதற்கு முன் கணினியையே தொட்டிராத பல பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் முதல் கணினியில் லினக்ஸும் இடம்பெற்றது.

ஒரு கணினியில் இரண்டு இயங்குதளங்கள் இருக்கும்போது ஒப்பீடு தானாக நிகழ்கிறது. விண்டோசில் பாட்டுக் கேட்கிறது, லினக்ஸில் கேட்கவில்லை என்றால், மாணவர் லினக்ஸைக் குறை கூறிவிட்டு மறுபடி அதன் பக்கம் வருவதில்லை. லினக்ஸ் கைவிடப்படுவதற்கு ஒலிச் சிக்கல் ஒரு முக்கியக் காரணமாக இருப்பது இதனால்தான். எழுத்துரு சரியாகத் தெரியாவிட்டால் பொறுத்துக்கொள்வோர் கூட, ஒலியில்லாத கணினியைப் பொறுத்துக்கொள்வதில்லை. 2020, 2021ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றின்போது வகுப்புகள் இணையவழி நடந்த காலத்தில், ஒலிவாங்கி இயங்காத மடிக்கணினி என்பது வகுப்பறைக்கு வெளியே நிற்பதற்கு ஒப்பாயிற்று.

செங்கல்பட்டு மாவட்டத்தில் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி அமைந்துள்ள படூர், இச்சிக்கலின் இரு முகங்களையும் காணத் தகுந்த இடமாகும். 1985இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் பொறியியற் கல்லூரி (2008 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம்) இங்கு அமைந்துள்ளது. சிறுசேரி மென்பொருள் பூங்காவும் அருகில் உள்ளது. எனவே லினக்ஸ் மடிக்கணினிகளுக்குக் குறைவில்லை. மறுபுறம், பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும் கிழக்கே கிடக்க, வங்கக் கடலும் சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. உப்பு கலந்த ஈரக்காற்று மடிக்கணினியின் செருகுவாய்களுக்கு என்ன செய்கிறது என்பது கீழே தனியாக விளக்கப்படுகிறது.

ஒலி செல்லும் வழி

சிக்கலைக் கண்டறிய, ஒலி எந்தெந்தப் படிகளைக் கடந்து காதை அடைகிறது என்பதை அறிதல் தேவை. பாடலை இயக்கும் செயலி, ஒலித்தரவை முதலில் ஒலி வழங்கி எனப்படும் இடைநிலை மென்பொருளிடம் கொடுக்கிறது. பல செயலிகளின் ஒலிகளைக் கலப்பதும், எந்தக் கருவிக்கு அனுப்புவது என்று முடிவு செய்வதும் இதன் வேலை. ஒலி வழங்கி அதனைக் கருனியில் உள்ள ஆல்சா எனும் ஒலி அமைப்பிடம் ஒப்படைக்கிறது. ஆல்சாவின் இயக்கி, மதர்போர்டில் உள்ள கோடெக் எனும் சில்லுக்குத் தரவை அனுப்புகிறது. கோடெக், எண்களை மின்னழுத்த அலைகளாக மாற்றித் தன் இணைமுனைகளுள் ஒன்றின் வழியே வெளியிடுகிறது. அந்த இணைமுனை ஒலிபெருக்கியின் மிகைப்பியுடனோ ஹெட்போன் செருகுவாயுடனோ இணைக்கப்பட்டிருக்கும்.

லினக்ஸின் தொடக்கக்கால ஒலி அமைப்பு, ஹன்னு சவோலைனென் 1992இல் எழுதத் தொடங்கிய ஓ.எஸ்.எஸ். ஆகும். யாரோஸ்லாவ் கிசேலா 1998இல் தொடங்கிய ஆல்சா, 2003 டிசம்பரில் வெளியான 2.6 கருனியில் அதன் இடத்தைப் பிடித்தது. ஒலி வழங்கிகளுள் லென்னார்ட் போட்டரிங் உருவாக்கிய பல்ஸ்ஆடியோ, 2007இல் பெடோரா 8இலும் 2008இல் உபுண்டு 8.04இலும் இயல்பிருப்பாக இடம்பெற்றது. அதன் தொடக்க ஆண்டுகளில் ஒலி தடைப்படுதல், தாமதித்தல் ஆகிய வழுக்கள் மிகுந்திருந்தமையால், 'பல்ஸ்ஆடியோவை நீக்கிவிடுக' என்பதே அக்காலத்தில் எல்லாச் சிக்கல்களுக்கும் மருந்தாகச் சொல்லப்பட்டது. அந்த அறிவுரை இன்றும் பழைய கையேடுகளில் தங்கியிருக்கிறது. இன்று அதைப் பின்பற்றினால் தீமையே மிகும். விம் டேமன்ஸ் உருவாக்கிய பைப்வயர், 2021இல் பெடோரா 34இலும் 2022இல் உபுண்டு 22.10இலும் பல்ஸ்ஆடியோவின் இடத்தை எடுத்துக்கொண்டது. பல்ஸ்ஆடியோவுக்காக எழுதப்பட்ட செயலிகள் மாற்றமின்றி பைப்வயரில் இயங்குகின்றன.

வன்பொருள் பக்கத்தில், இன்டெல் 2004இல் வெளியிட்ட எச்.டி. ஆடியோ தரநிலையே பெரும்பாலான மடிக்கணினிகளில் பின்பற்றப்பட்டு வந்துள்ளது. இத்தரநிலை நெகிழ்வானது. ஒரே ரியல்டெக் கோடெக்கை ஒரு நிறுவனம் ஒரு விதமாகவும், மற்றொரு நிறுவனம் வேறு விதமாகவும் இணைக்கலாம். எந்த இணைமுனை எதனுடன் இணைக்கப்பட்டுள்ளது என்ற விவரத்தை மடிக்கணினியின் பயாஸ் கோடெக்கில் எழுதிவைக்க வேண்டும். பல மடிக்கணினிகளில் இவ்விவரம் தவறாகவோ முழுமையின்றியோ உள்ளது. விண்டோசுக்கு நிறுவனமே தனி இயக்கி தருவதால் அங்கு குறை வெளித்தெரிவதில்லை. லினக்ஸ் பொது இயக்கியோ பயாஸ் சொல்வதை நம்புகிறது. லினக்ஸில் மட்டும் ஒலி வராமைக்கு அடிப்படைக் காரணம் பெரும்பாலும் இதுவே. இதனைச் சரிசெய்ய, மடிக்கணினி மாதிரிகளின் அடையாள எண்களையும் அவற்றுக்கான திருத்தங்களையும் கொண்ட நீண்ட அட்டவணை ஒன்று கருனியின் இயக்கிக்குள் பராமரிக்கப்படுகிறது.

இந்த அட்டவணையின் வயது முக்கியமானது. எடுத்துக்காட்டாக, 2011 பெப்ரவரியில் வெளியான டெபியன் 6, 2009 டிசம்பரில் வெளிவந்த 2.6.32 கருனியைக் கொண்டிருந்தது. வெளியான நாளிலேயே அதன் அட்டவணை ஓராண்டுக்கும் மேல் பழையது. திருத்தங்கள் பின்னர் தனியே சேர்க்கப்படாவிடில், 2011இல் சந்தைக்கு வந்த மடிக்கணினியை அது அறிந்திருக்க வழியில்லை. நிலைத்தன்மையை முதன்மையாகக் கொண்டு பழைய கருனியை வைத்திருக்கும் வழங்கல்களைப் புத்தம்புதிய மடிக்கணினியில் நிறுவுவோர் இன்றும் இதே இடரைச் சந்திக்கின்றனர்.

எந்தப் படியில் தடை என்று அறிதல்

மேலே கூறிய வழியில் எந்தப் படியில் ஒலி நிற்கிறது என்று பிரித்தறிந்தால் பாதி வேலை முடிந்தது. இயங்குதளத்தை அழித்து மறுபடி நிறுவுவது பரவலான பழக்கம்; பயன் குறைந்த பழக்கம். அதே கருனியும் அதே பயாஸும் மறுபடி வரும்போது அதே ஊமைநிலையும் மறுபடி வரும். மறுநிறுவலால் சில வேளை ஒலி மீள்வது உண்மைதான். ஆனால் அது, சேமிக்கப்பட்டிருந்த ஒலியளவு அமைப்புகள் அழிந்ததால் நிகழ்வது. பயனரின் அடைவில் உள்ள ஒயர்பிளம்பர் அல்லது பல்ஸ்ஆடியோ அமைப்புக் கோப்புகளை மட்டும் வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு மறுபடி நுழைந்தாலே அதே பயன் கிடைக்கும்.

முதலில் அறிய வேண்டியது, கருனி ஒலிக்கருவியைக் கண்டுகொண்டதா என்பது. முனையத்தில் ஏபிளே கட்டளையை எல் என்ற சிற்றெழுத்து விருப்பத்துடன் இட்டால், கண்டறியப்பட்ட ஒலி அட்டைகளின் பட்டியல் வரும். பட்டியல் வெறுமையாக இருந்தால் சிக்கல் இயக்கியிலோ நிலைப்பொருளிலோ உள்ளது. ஒலியளவை ஏற்றி இறக்குவதில் பயனில்லை. பட்டியலில் அட்டை இருந்தும் ஒலி வராவிடில், அடுத்துச் செல்ல வேண்டிய இடம் அல்சாமிக்சர்.

அல்சாமிக்சர் முனையத்தில் இயங்கும் எளிய கருவி. தொடக்கத்தில் அது ஒலி வழங்கியின் ஒற்றை ஒலியளவுப் பட்டையை மட்டும் காட்டக்கூடும். எஃப்6 விசையை அழுத்தி உண்மையான ஒலி அட்டையைத் தேர்ந்தெடுத்தால்தான் மாஸ்டர், ஹெட்போன், ஸ்பீக்கர் எனத் தனித்தனிப் பட்டைகள் தோன்றும். இதனை அறியாதோர் 'எல்லாம் நூறு விழுக்காட்டில்தான் உள்ளது' என்று திரும்பிவிடுகின்றனர். பட்டையின் அடியில் எம்.எம். என்று இருந்தால் அது ஊமையாக்கப்பட்டுள்ளது, ஓ.ஓ. என்று இருந்தால் திறந்துள்ளது. எம் விசை இவ்விரண்டையும் மாற்றும். மாஸ்டர் திறந்திருந்து ஹெட்போன் பட்டை மட்டும் ஊமையாக இருப்பதே, ஒலிபெருக்கியில் கேட்டு ஹெட்போனில் கேளாமைக்கான மிக எளிய காரணம்.

பின்னர் ஸ்பீக்கர்-டெஸ்ட் கட்டளையை இரண்டு தடங்களுடன் இயக்கி, இடமும் வலமும் தனித்தனியே ஒலிக்கின்றனவா என்று பார்க்கலாம். ஒலி வழங்கியைத் தவிர்த்து நேரடியாக அட்டையின் பெயரைக் கொடுத்து இச்சோதனையைச் செய்தால், கருனி வரை எல்லாம் சரியா என்பது தெளிவாகும். நேரடிச் சோதனையில் ஒலி கேட்டுச் செயலிகளில் கேட்காவிடில் சிக்கல் ஒலி வழங்கியில் உள்ளது. பைப்வயர், ஒயர்பிளம்பர் சேவைகளை மறுதொடக்கம் செய்தல், ஒலி அமைப்புச் சாளரத்தில் வெளியீட்டுக் கருவியைச் சரியாகத் தேர்தல் ஆகியவற்றால் இது பெரும்பாலும் தீரும். எச்.டி.எம்.ஐ. வழியே தொலைக்காட்சியிலோ படவீழ்த்தியிலோ இணைத்துக் கழற்றிய பின் ஒலி காணாமற்போவது இவ்வகையினது. கருத்தரங்கு முடிந்து வீடு திரும்பியவரின் மடிக்கணினி, இல்லாத படவீழ்த்திக்கே ஒலியை அனுப்பிக்கொண்டிருக்கும்.

ஒலிபெருக்கி மட்டும் ஊமையாதல்

ஹெட்போனைச் செருகியதும் ஒலிபெருக்கி தானாக அடங்கும் வசதிக்கு ஆட்டோ-மியூட் என்று பெயர். ஹெட்போன் செருகப்பட்டதைச் செருகுவாயில் உள்ள சிறு நிலைமாற்றி கோடெக்குக்கு உணர்த்துகிறது. ஹெட்போனை எடுத்த பின்னும் அந்நிலைமாற்றி விடுபடாவிடில், கணினி ஹெட்போன் இன்னும் இருப்பதாகவே கருதி ஒலிபெருக்கியை ஊமையாக வைத்திருக்கும். ஏமிக்சர் கட்டளையை கன்டென்ட்ஸ் என்ற சொல்லுடன் இட்டால் வரும் நீண்ட பட்டியலில் 'ஹெட்போன் ஜாக்' என்ற பதிவு இருக்கும். எதுவும் செருகப்படாத நிலையில் அதன் மதிப்பு 'ஆன்' என்று இருப்பின், குற்றவாளி நிலைமாற்றியே. ஹெட்போனைச் செருகியும் எடுத்தும் மதிப்பு மாறுகிறதா என்று பார்ப்பது, மென்பொருட் சிக்கலையும் வன்பொருட் சிக்கலையும் ஒரு நிமிடத்தில் பிரித்துக் காட்டும் சோதனையாகும்.

செருகுவாய் பழுதெனத் தெரிந்தால், அல்சாமிக்சரில் ஆட்டோ-மியூட் பட்டையை 'டிசேபிள்டு' என மாற்றித் தற்காலிகமாக ஒலிபெருக்கியை மீட்கலாம். இப்பட்டை எல்லா மடிக்கணினிகளிலும் இருப்பதில்லை. ஒலி வழங்கியும் ஹெட்போனையே தேர்ந்திருந்தால், ஒலி அமைப்புச் சாளரத்தில் வெளியீட்டை ஒலிபெருக்கிக்குக் கையால் மாற்ற வேண்டும்.

செருகுவாய் சரியாக இருந்தும் ஒலிபெருக்கி ஊமையெனில் மிகைப்பியை ஐயுற வேண்டும். பழைய மடிக்கணினிகளில் ஒலிபெருக்கி மிகைப்பியின் மின்சாரத்தைக் கோடெக்கின் ஒரு பிட் கட்டுப்படுத்துகிறது. இயக்கி அதனைத் தவறாக அமைத்தால் மிகைப்பி உறங்கிக்கொண்டே இருக்கும். அண்மைக்கால மெல்லிய மடிக்கணினிகளில் சிரஸ் லாஜிக், டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனங்களின் 'ஸ்மார்ட்' மிகைப்பிகள் இடம்பெறுகின்றன. இவை கோடெக்கிலிருந்து பிரிந்து நிற்கும் தனிச் சில்லுகள். இவற்றுக்குத் தனி இயக்கியும், சில்லுக்குள் ஏற்ற வேண்டிய நிலைப்பொருளும், அந்த மாதிரியின் ஒலிபெருக்கிக்கென அளந்த அமைப்புக் கோப்பும் தேவை. இவற்றுள் ஒன்று இல்லாவிடினும் ஒலிபெருக்கி முற்றிலும் ஊமையாகவோ, மிக மெலிதாகவோ இருக்கும். ஹெட்போன் மட்டும் குறையின்றி இயங்கும். இதற்கு அல்சாமிக்சரில் தீர்வு இல்லை. கருனியையும் நிலைப்பொருள் பொதியையும் இற்றைப்படுத்துவதே வழி. இப்புதுவகை மடிக்கணினிகளை வாங்குமுன், நேரடி யுஎஸ்பியில் லினக்ஸை ஏற்றி ஒலிபெருக்கியைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

ஹெட்போனும் நான்கு வளையச் செருகியும்

3.5 மில்லிமீட்டர் செருகியின் மேல் காணப்படும் கருவளையங்களை எண்ணுதல் பயனுள்ளது. இரண்டு கருவளையங்கள் எனில் மூன்று உலோகப் பகுதிகள்: இடம், வலம், நிலம். மூன்று கருவளையங்கள் எனில் நான்கு உலோகப் பகுதிகள். நான்காவது ஒலிவாங்கிக்கு உரியது. இந்த நான்கில் இறுதி இரண்டின் வரிசையில் இரு வழக்குகள் உள்ளன. சி.டி.ஐ.ஏ. வழக்கில் மூன்றாவது நிலம், நான்காவது ஒலிவாங்கி. ஓ.எம்.டி.பி. வழக்கில் இவை இடம் மாறியிருக்கும். இன்றைய மடிக்கணினிகளும் திறன்பேசிகளும் பெரும்பாலும் முதல் வழக்கைப் பின்பற்றுகின்றன. பழைய நோக்கியா பேசிகளுடன் வந்த ஹெட்செட்டுகளுள் பல இரண்டாம் வழக்கைச் சார்ந்தவை.

வழக்கு மாறினால் விளைவு வியப்பானது. நிலத்துக்கான இணைப்பு கிடைக்காமல், இடக்காதின் சுருளும் வலக்காதின் சுருளும் ஒன்றையொன்று சார்ந்து இயங்கத் தொடங்குகின்றன. காதில் விழுவது இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே. திரைப்பாடல்களில் பாடகரின் குரல் இரு தடங்களிலும் சமமாகப் பதிவாவதால் குரல் ஏறத்தாழ மறைந்துவிடும். வயலின்களும் எதிரொலியும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். ஹெட்செட் கம்பியில் உள்ள பொத்தானை அழுத்திப் பிடிக்கும்போது குரல் திரும்பினால் காரணம் இதுவே என உறுதிசெய்யலாம். ஏனெனில் அப்பொத்தான் ஒலிவாங்கிக் கம்பியை நிலத்துடன் இணைக்கிறது. செருகி முழுமையாக உள்ளே செல்லாதபோதும் இதே நிலை தோன்றும். இதற்கு லினக்ஸ் பொறுப்பன்று. அதே ஹெட்செட்டை வேறொரு கருவியில் செருகிப் பார்க்குமுன் கருனி அமைப்புகளை மாற்றத் தொடங்குவது வீண் உழைப்பு.

ஒற்றைச் செருகுவாய் உள்ள மடிக்கணினிகளில் ஹெட்செட்டின் ஒலிவாங்கி மட்டும் இயங்காமற்போவது வேறு வகை. செருகப்பட்டது வெறும் ஹெட்போனா, ஒலிவாங்கியுடன் கூடிய ஹெட்செட்டா என்பதைச் சில வன்பொருள்களால் தானாக அறிய இயலாது. அட்டவணையில் அம்மாதிரி இல்லாதபோது, இன்டெல் எச்.டி.ஏ. இயக்கிக்கு 'மாடல்' என்ற விருப்பத்தைக் கொடுத்துத் திருத்தலாம். 'டெல்-ஹெட்செட்-மல்டி' என்ற மதிப்பு, அதன் பெயர் எவ்வாறிருப்பினும், டெல் அல்லாத பல மடிக்கணினிகளிலும் பயன் தருகிறது. ஆனால் யாரோ ஒருவரின் கணினிக்குப் பொருந்திய மாடல் வரியைக் கண்மூடிப் படியெடுத்து ஒட்டுவது, இயங்கிக்கொண்டிருந்த ஒலிவாங்கியையும் இழக்கச் செய்யும். மாடல் பெயர்கள் கோடெக்கைச் சார்ந்தவை. முதலில் தன் கணினியின் கோடெக் எது என்பதைப் புராக் கோப்புமுறைமையின் ஏசவுண்ட் அடைவில் உள்ள கோடெக் கோப்பிலிருந்து அறிந்துகொள்ள வேண்டும். எழுத்துவழித் திருத்தத்தை விரும்பாதோருக்கு, டேவிட் ஹென்னிங்சன் எழுதிய எச்.டி.ஏ.-ஜாக்-ரீடாஸ்க் எனும் வரைகலைக் கருவி உதவும். ஒவ்வோர் இணைமுனைக்கும் எப்பணி என்பதை அதில் மாற்றிச் சோதித்து, சரியாக இருந்தால் மட்டும் நிலையாகப் பதியலாம்.

கடற்கரைக் காற்றும் செருகுவாயும்

கோவளம், முட்டுக்காடு, படூர், கேளம்பாக்கம் முதலிய கடலோர ஊர்களில் காற்றில் கலந்துள்ள நுண்ணிய உப்பு, ஈரத்தைத் தன்பால் ஈர்த்து உலோகப் பரப்புகளில் படிகிறது. செருகுவாயின் உட்தகடுகளின் மேற்பூச்சு தேய்ந்த இடங்களில் அரிப்பு தொடங்குகிறது. செருகியைத் திருப்பும்போது கரகரத்தல், ஒரு காதில் மட்டும் கேட்டல், எதுவும் செருகாமலேயே ஹெட்போன் குறி திரையில் தோன்றி மறைதல் ஆகியன அறிகுறிகள். குளிரூட்டப்பட்ட அறையிலிருந்து புழுக்கமான வெளிக்காற்றுக்கு வந்தவுடன் திரையில் அக்குறி தோன்றுவதும் உண்டு. குளிர்ந்த உலோகத்தில் நீராவி படிவதே காரணம்.

கணினியை முழுமையாக அணைத்து, மின்னிணைப்பை நீக்கிய பின், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த மெல்லிய, இழை உதிராத குச்சியால் செருகுவாயின் உட்புறத்தைத் துடைக்கலாம். நன்கு உலர்ந்த பின்னரே இயக்க வேண்டும். தண்ணீர், தேங்காய் எண்ணெய், ஊசி ஆகியவற்றைப் பயன்படுத்துவது செருகுவாயை முற்றிலும் கெடுக்கும். துடைத்தும் சரியாகாவிடில், விலை குறைந்த யுஎஸ்பி ஒலி அட்டை ஒன்றை வாங்கிப் பயன்படுத்துவது மதர்போர்டைப் பிரிப்பதைவிடச் சிக்கனமானது. இவ்வட்டைகளுள் பெரும்பாலானவை பொதுத் தரநிலையைப் பின்பற்றுவதால் லினக்ஸில் தனி இயக்கி தேவைப்படுவதில்லை.

விண்டோசிலிருந்து வந்த ஊமைநிலை

இரு இயங்குதளங்கள் கொண்ட மடிக்கணினிகளுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. விண்டோசில் இருந்துவிட்டு 'மறுதொடக்கம்' செய்து லினக்ஸில் நுழைந்தால் ஹெட்போன் ஊமை. கணினியை முழுதும் அணைத்து மறுபடி இயக்கினால் சரியாகிறது. மறுதொடக்கத்தின்போது கோடெக்கின் மின்சாரம் துண்டிக்கப்படாததால், விண்டோஸ் இயக்கி விட்டுச் சென்ற உள்ளமைப்பு அப்படியே இருக்கிறது. லினக்ஸ் இயக்கி அதனைத் திருத்த அறியாதபோது ஒலி வருவதில்லை. நாள்விட்டு நாள் தோன்றி மறைவதால், காரணம் அறியாதோரை அலைக்கழிக்கும் சிக்கல் இது. முழுமையாக அணைத்து இயக்குவதும், விண்டோசில் வேகத் தொடக்க வசதியை முடக்குவதும் போதும்.

போலி வெளியீடு

ஒலி அமைப்புச் சாளரத்தில் 'டம்மி அவுட்புட்' என்று மட்டும் தோன்றுவது, ஒலி வழங்கிக்கு எந்த உண்மையான கருவியும் கிடைக்கவில்லை என்பதைக் குறிக்கும். ஏறத்தாழ 2019 முதல் வந்த இன்டெல் மடிக்கணினிகளுள் பலவற்றில், எண்ணிம ஒலிவாங்கிகள் இன்டெல் சில்லினுள் உள்ள தனி ஒலிச் செயலகத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. அச்செயலகம் இயங்க, 2018இல் அறிவிக்கப்பட்ட எஸ்.ஓ.எஃப். எனும் திறந்த மூல நிலைப்பொருள் தேவை. அதன் மூல நிரல் திறந்ததேயாயினும், பெரும்பாலான மடிக்கணினிகளில் இன்டெல் கையொப்பமிட்ட இருமக் கோப்பையே வன்பொருள் ஏற்கும். இந்தப் பொதி நிறுவப்படாதபோது ஒலி அட்டையே தோன்றாது. கட்டற்றவை அல்லாத நிலைப்பொருள்களை நிறுவல் வட்டில் சேர்ப்பதில்லை என்ற கொள்கையை டெபியன் 2022 வாக்கெடுப்பில் மாற்றிக்கொண்டு, 2023இல் வெளியான டெபியன் 12 முதல் அவற்றைச் சேர்த்தது. கொள்கைப் பிடிப்புக்கும் பயனரின் தேவைக்கும் இடையே நெடுங்காலம் நிலவிய இழுபறியில் ஒலியும் ஒரு காரணமாயிற்று.

டிமெசேஜ் கட்டளை தரும் கருனிச் செய்திகளில் எஸ்.ஓ.எஃப். நிலைப்பொருள் கோப்பைக் காணவில்லை என்ற வரி இருப்பின் ஐயம் உறுதியாகும். உடனடித் தேவைக்கு, இன்டெல் டி.எஸ்.பி. அமைப்புக் கூறின் 'டி.எஸ்.பி.-டிரைவர்' விருப்பத்துக்கு 1 என்ற மதிப்பைக் கொடுத்துப் பழைய இயக்கியைக் கட்டாயப்படுத்தலாம். ஒலிபெருக்கி ஒலிக்கக்கூடும், ஆனால் உள் ஒலிவாங்கி இயங்காது.

புளூடூத், வெடிப்பொலி

புளூடூத் ஹெட்செட்டில் இசை தெளிவாகக் கேட்டு, இணையவழி வகுப்பு தொடங்கியதும் பழைய தொலைபேசிபோல் மங்குவது பழுதன்று. இசைக்கான ஏ2டி.பி. புரொபைலில் ஒலிவாங்கிக்கு இடமில்லை. ஒலிவாங்கியைத் திறந்தவுடன் ஹெட்செட் அழைப்புக்கான புரொபைலுக்கு மாறுகிறது. ஒலிவாங்கியை மடிக்கணினியின் உள் ஒலிவாங்கிக்கு மாற்றினால் இசைத் தரம் மீளும்.

ஒவ்வொரு பாடலின் தொடக்கத்திலும் 'டப்' என்ற வெடிப்பொலி கேட்பதற்குக் காரணம் மின்சேமிப்பு. சில வினாடிகள் ஒலியில்லாதபோது இயக்கி கோடெக்கை உறங்கவிட்டு மறுபடி எழுப்புகிறது. இன்டெல் எச்.டி.ஏ. இயக்கியின் 'பவர்-சேவ்' விருப்பத்தைச் சுழியமாக்கினால் இது நிற்கும். மின்கலம் சற்று விரைவில் தீரும்.

பார்வையற்ற பயனர்கள்

மேற்கண்டவை பார்வையுள்ளோருக்கு இடையூறுகள். ஆர்கா திரைபடிப்பானையும், தமிழை ஒலிக்கவல்ல ஈஸ்பீக் என்ஜி பேச்சொலிப்பானையும் கொண்டு லினக்ஸைப் பயன்படுத்தும் பார்வையற்ற மாணவருக்கோ, ஒலியற்ற கணினி என்பது திரையற்ற கணினியே. அல்சாமிக்சரைத் திறந்து எம்.எம். என்று இருப்பதைப் பார்க்கவும் அவருக்கு ஒலி வேண்டும். எனவே அவ்வாறான கணினியை அமைத்துக் கொடுப்போர் ஒரு யுஎஸ்பி ஒலி அட்டையை உடன் வைப்பதும், ஒலியளவை ஏற்றும் ஏமிக்சர் கட்டளையையும் பைப்வயரை மறுதொடக்கம் செய்யும் கட்டளையையும் ஒரு விசைச்சேர்க்கையில் அமைத்துத் தருவதும் வழங்கலைத் தேர்ந்தெடுப்பதைவிட முக்கியமானவை. கருனி இற்றைப்பாட்டுக்கு முன் பழைய கருனியை நீக்காமல் வைத்திருப்பதும் தேவை.

வழுவைத் தெரிவித்தல்

எவ்வழியிலும் தீராத நிலையில், ஆல்சா-இன்ஃபோ எனும் கட்டளைக்கோப்பை இயக்கினால் கருனிப் பதிப்பு, கோடெக், இணைமுனை அமைப்பு, மிக்சர் நிலை ஆகிய அனைத்தும் ஒரே கோப்பில் திரட்டப்படும். இக்கோப்பின்றி அனுப்பப்படும் 'சத்தம் வரவில்லை' என்ற முறையீட்டுக்கு எவராலும் விடை தர இயலாது. விவரங்களுடன் தன் வழங்கலின் வழுப்பதிவகத்திலோ கருனியின் ஒலிப் பிரிவிலோ தெரிவித்தால், அம்மாதிரியின் அடையாள எண் பெரும்பாலும் ஓரிரு வரித் திருத்தமாக அட்டவணையில் சேர்க்கப்படுகிறது. ஆங்கிலத்தில் எழுதத் தயங்குவோர், சென்னையில் 1998 முதல் இயங்கிவரும் லினக்ஸ் பயனர் குழுவையோ, 2012 ஜனவரியில் தொடங்கப்பட்ட கணியம் மின்னிதழைச் சார்ந்த ஆர்வலர்களையோ நாடலாம். திருத்தம் கருனியில் சேர்ந்து, வழங்கலின் இற்றைப்பாடாக வந்துசேரச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகும். அதே மாதிரி மடிக்கணினியைப் பின்னர் வாங்குவோருக்கு ஒலி முதல் நாளிலேயே இயங்கும்.